மூன்றாவது களம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசும் பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைச் செயலர் எனக்கே விட்டுவிட்டார். கால்பந்தாட்டம் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது, "இலக்கிய வட்டத்திலா?" என்று ஒரே ஒரு சொல்தான் கேட்டார். அந்த ஒரு சொல்லுக்கு விடையாகவே இவ்வுரை அமையும். உலகப்போர்களுக்கு முந்தைய காலத்தில், கல்லூரி மாணவரும் ஆசிரியரும் அலுவலக எழுத்தரும் சேர்ந்த ஓர் அணி, ஒரே மழைப்பருவத்தில் ஆடிய ஆறு ஆட்டங்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அது நிகழ்ந்த இடம் கல்கத்தா, ஆண்டு 1911. ஆனால் நான் புறப்படும் இடம் இவ்வூர்தான்.

ஒக்கூர் மாசாத்தியாரின் ஊர் என்று அறிஞர்கள் கொள்ளும் ஊர் இது. சங்கத்தொகையில் அவ்வம்மையார் பாடியனவாக நமக்குக் கிடைத்தவை எட்டுப் பாடல்கள். குறுந்தொகையில் ஐந்து, அகநானூற்றில் இரண்டு, புறநானூற்றில் ஒன்று. அந்த ஒரு புறப்பாட்டே அவரைத் தமிழுலகம் முழுதும் அறியச் செய்தது. முந்தைய போர்களில் தன் வீட்டு ஆடவரைப் பறிகொடுத்த ஒரு பெண், மீண்டும் போர்ப்பறை கேட்டதும், தன் ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவிச் சீவி, வேலைக் கையில் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். அப்பாட்டை நாம் வீரத்துக்குச் சான்றாகவே மேடைதோறும் சொல்லி வந்திருக்கிறோம். எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதில் அரசன் பெயர் இல்லை. எந்தப் போர் என்ற குறிப்பு இல்லை. யார் வென்றார் என்ற செய்தியும் இல்லை. எண்ணெய் தடவும் கை மட்டுமே இருக்கிறது. வெற்றியை விட்டுவிட்டு மனிதரைப் பார்த்த கண் மாசாத்தியாருடையது. அந்தக் கண்ணைத்தான் இன்று நான் உங்களிடம் கடனாகக் கேட்கிறேன்.

நம் இலக்கணம் களங்களை நன்கறியும். தொல்காப்பியர் வாகைத்திணையில் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் கூறுகிறார். நெல் அடிக்கும் களம் ஒன்று. தலை உருளும் களம் மற்றொன்று. போர்க்களத்தைப் பாடக் களவழி நாற்பது எழுந்தது, பரணிகள் எழுந்தன. மூன்றாவதாக ஒரு களம் உண்டு. அது ஆடுகளம். அங்கே நெல்லும் குவிவதில்லை, பிணமும் குவிவதில்லை. மாலையில் இறங்கியவர்கள் இருட்டும்போது வீடு திரும்புகிறார்கள். இந்த மூன்றாவது களத்தை நம் புலவர்கள் பாடவில்லையா?

பாடியிருக்கிறார்கள். நாம்தான் அதனை விளையாட்டுப் பாட்டு என்று படிப்பதில்லை. புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களைத் திறந்து பாருங்கள். உறையூர்ச் சோழன் தித்தனின் மகன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி. தந்தையோடு பகைத்துப் பிரிந்திருந்தவன் ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது வெல்கிறான். அதைச் சாத்தந்தையார் பாடுகிறார். இந்த மகனின் மற்போரை அந்தத் தந்தை, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது 80ஆம் பாட்டின் ஏக்கம். அப்பாட்டில் எனக்கு வியப்பளிப்பது ஒன்று. ஒரு கால் எங்கே ஊன்றியிருந்தது, மற்றக் கால் எதைத் தடுத்து எப்பக்கம் நின்றது என்று புலவர் கணக்காகச் சொல்கிறார். இன்றைய விளையாட்டுச் செய்தியாளர் செய்வதும் இதுதானே!

அடுத்த மூன்று பாடல்கள் பெருங்கோழி நாயகன் மகள் நக்கண்ணையார் பாடியவை. கிள்ளியின்மேல் காதல் கொண்ட அவர், 85ஆம் பாட்டில் பார்வையாளராகவே நிற்கிறார். வெற்றி அவனுக்கே என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லை என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். கூச்சலில் உண்மை தெரியவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடித் தம் வீட்டுப் பனைமரத்தை ஒட்டி நின்று, தம் கண்ணாலேயே அவன் வென்றதைக் காண்கிறார். அப்பாட்டில் வெற்றி என்ற பொருளுக்கு அவர் ஆளும் சொல் 'ஆடு' என்பது. ஆட்டத்துக்கும் வெற்றிக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த மொழி நம் மொழி.

பந்தும் நமக்குப் புதிதன்று. இளங்கோவடிகள் கந்துகவரி பாடினார். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். ஆனால் அவை கையால் அடிக்கும் பந்துகள். மகளிர் ஆடும் பந்துகள். காலால் உதைத்து, பதினொருவர் ஒரு மனமாய் ஓடும் பந்து கடல் கடந்து வந்தது. வந்த கதையைச் சற்றுக் கேட்போம்.

அந்தப் பந்தைக் கொண்டு வந்தவர்கள் வெள்ளைப் பட்டாளத்தார். அதை நம்மவரிடையே பரப்பியவை பள்ளிகளும் கல்லூரிகளுமே. 1877ஆம் ஆண்டு வாக்கில் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவன், கல்கத்தா மைதானத்தில் சிப்பாய்கள் ஆடுவதைத் தாயோடு வண்டியில் செல்கையில் கண்டான் என்றும், தன் பக்கம் உருண்டு வந்த பந்தைத் திருப்பி உதைத்தான் என்றும், அதுவே இந்தியர் உதைத்த முதல் உதை என்றும் வங்காளத்தார் சொல்வர். ஹேர் பள்ளியில் படித்த அச்சிறுவன் நண்பர்களோடு காசு சேர்த்து வாங்கிய பந்து, ரக்பி என்னும் வேறோர் ஆட்டத்துக்குரிய நீள்பந்தாக இருந்ததாம். எதிரிலிருந்த மாநிலக் கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் அதைக் கண்டு, சரியான பந்தைத் தந்து ஆட்டமுறையையும் கற்பித்தார் என்பது அக்கதையின் தொடர்ச்சி. 1880களில் கல்கத்தாக் கல்லூரிகள் பலவற்றில் அணிகள் தோன்றின.

இந்தக் கல்லூரிச் சூழலில்தான் 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வடகல்கத்தாவில் மோகன் பகான் கழகம் தோன்றியது. முதலில் அதன் பெயரில் 'ஸ்போர்ட்டிங்' என்ற சொல் இருந்தது. ஓராண்டு நிறைவு விழாவுக்கு வந்த மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரோ, வேட்டையும் தூண்டிலும் இல்லாத கழகத்துக்கு அச்சொல் பொருந்தாது என்றார்; 'அத்லெட்டிக்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஒரு சொல் பொருந்துமா பொருந்தாதா என்று ஆண்டுவிழாவில் விவாதித்த கழகம் அது. இலக்கிய வட்டத்தாராகிய நமக்கு நெருங்கிய உறவுதான்! அக்கழகத்தின் முதல் தலைவர் பூபேந்திரநாத் வசு. அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவர் நம் சென்னைக்கு வருவார்.

இனி அக்காலத்தின் வெப்பத்தைச் சொல்ல வேண்டும். வங்காளி உடல்வலி அற்றவன், எழுத்தராக இருக்கத் தக்கவன், படைக்கு ஆகாதவன் என்று ஆங்கிலேயர் எழுதியும் பேசியும் வந்தனர். இந்திய மக்களைப் போர்க்குலம், போருக்கு ஆகாத குலம் என்று பிரித்து வைத்த காலம் அது. அந்த இழிசொல் இளைஞர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 1897ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேனாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பன், இராமநாதபுரம், பரமக்குடி வழியாக மானாமதுரைக்கு வந்தார். அங்கே சிவகங்கை, மானாமதுரைப் பெருமக்கள் அவருக்கு வரவேற்பு இதழ் வாசித்தளித்தார்கள். நம் மாவட்ட மண்ணைக் கடந்து சென்னை சென்ற அவர், அங்கு ஆற்றிய ஓர் உரையில்தான், கீதையைக் கற்பதினும் கால்பந்து ஆடுவதால் இளைஞர் விண்ணுலகை நெருங்குவர் என்ற கருத்தைச் சொன்னார். கீதையைத் தாழ்த்திச் சொன்னதன்று அது. உடல் வலிமை பெற்றவன் கீதையை நன்கு உணர்வான் என்பதே அவர் விளக்கம். வங்காளத்துக்கு வேண்டிய அம்மருந்தை அவர் தமிழ்நாட்டு மேடையில் சொன்னார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

1905இல் கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிளந்தான். சுதேசி இயக்கம் மூண்டது. அதன் கனல் தூத்துக்குடிக்கும் பரவி, 1906இல் வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பற் கழகமாயிற்று. 1908இல் அவர் சிறைப்பட்டார். பாரதியார் புதுச்சேரி புகுந்தார். 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தானும் மடிந்தான். அதற்குப் பின் மூன்று வாரம்கூட முழுதாகக் கழிந்து நான்காவது வாரம் தொடங்கியபோது, ஜூலை 10ஆம் நாள், கல்கத்தாவில் அவ்வாண்டின் கேடயப் போட்டியில் மோகன் பகான் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. ஒரே வெயிலில் காய்ந்த இரண்டு நிலங்கள் இவை.

இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் கேடயப் போட்டி 1893இல் தொடங்கியது. தொடங்கிய நாள் முதல் ஐரோப்பிய அணிகளே அதனை வென்று வந்தன. அவற்றுள்ளும் பட்டாளத்து அணிகளே மிகுதி. மோகன் பகான் 1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளும் டிரேட்ஸ் கோப்பையை வென்று, 1909இல் கேடயப் போட்டியில் கால் வைத்துத் தோற்றது. தோற்ற இடத்துக்கே 1911இல் மீண்டும் வந்தது.

அந்தப் பதினொருவர் யாவர்? பெயர்களை முழுமையாகச் சொல்வதற்குப் பொறுத்தருள வேண்டும். புறநானூற்றுக் கொளுக்கள் பெயரைக் காத்திராவிட்டால் நமக்குக் கிள்ளியும் இல்லை, நக்கண்ணையும் இல்லை. ஹிராலால் முகர்ஜி கோல் காத்தவர். பூத்தி சுகுல், சுதீர் சட்டர்ஜி பின்காவலர். மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா நடுவரிசை. கானு ராய், ஹபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், பிஜய்தாஸ் பாதுரி, சிப்தாஸ் பாதுரி முன்வரிசை. சிப்தாஸ் அணித்தலைவர், பிஜய்தாஸ் அவர் உடன்பிறந்தவர். சுதீர் சட்டர்ஜி பவானிப்பூர் இலண்டன் மிஷன் கல்லூரியில் ஆசிரியர். மன்மோகன் பொதுப்பணித் துறையில் எழுத்தர். அபிலாஷ் கோஷ் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் மாணவர். விவேகானந்தர் படித்த ஜெனரல் அசெம்பிளி நிறுவனமே பின்னாளில் வேறொரு கல்லூரியோடு இணைந்து அக்கல்லூரி ஆயிற்று. அவர் சென்னையில் சொன்ன சொல்லை அவர் கல்லூரியின் இளவல் ஒருவர் களத்தில் எழுதிக் காட்டினார் என்று கொள்ளலாம். அணியில் பலர் கிழக்கு வங்கத்தினர். ஆட்சியாளர் கோடு போட்டுப் பிரித்த இரண்டு வங்கங்களும் அந்த ஆடுகளத்தில் ஒன்றாகவே ஓடின.

பதினொருவரில் பூட்ஸ் அணிந்தவர் சுதீர் சட்டர்ஜி ஒருவரே. மற்றப் பதின்மரும் வெறுங்காலர். இதனை வறுமைக்கும் வீரத்துக்கும் அடையாளமாக மட்டும் பேசிவிட்டால் ஆட்டத்தின் நுட்பம் தெரியாமற் போகும். வெறுங்காலுக்குப் பந்தின் மேல் தொடு உணர்வு மிகுதி. உலர்ந்த தரையில் திடீரென்று திரும்பவும் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு போகவும் அது துணை செய்யும். ஆனால் கல்கத்தாவின் ஜூலை மாதம் மழை மாதம். களிமண் நனைந்தால் வெறுங்கால் வழுக்கும். பூட்ஸின் அடிக்குமிழ் மண்ணைக் கவ்வும். மிதிபட்டால் யார் கால் நசுங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் அவர்கள் உடலோடு உடல் மோதும் ஆட்டத்தைத் தவிர்த்துச் சிறு சிறு தட்டல்களாகப் பந்தைக் கைமாற்றி, அல்லது கால்மாற்றி, விரைந்து ஆடினார்கள். நம் பக்கம் சிறாவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். மாட்டின் வலிமைக்கு எதிர் வலிமை காட்டுபவன் வெல்வதில்லை. அதன் திருப்பத்தை முன்னறிந்தவனே வெல்கிறான்.

முதல் ஆட்டம் ஜூலை 10, திங்கட்கிழமை. எதிரணி செயின்ட் சேவியர் கல்லூரி. 3-0 என்ற கணக்கில் வெற்றி. ஜூலை 14இல் ரேஞ்சர்ஸ் அணியோடு 2-1. ஜூலை 19இல் ரைபிள் பிரிகேடு என்னும் பட்டாள அணியோடு 1-0. அதுவரை வடகல்கத்தாவின் செய்தியாக இருந்தது, அப்பால் நகரத்தின் செய்தியாயிற்று. ஜூலை 24இல் அரையிறுதி. எதிரில் மிடில்செக்ஸ் படைப்பிரிவு. 1-1 என்று சமன். இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம். 3-0 என வெற்றி. நகரத்தின் செய்தி மாகாணத்தின் செய்தியாயிற்று.

ஜூலை 29, சனிக்கிழமை, இறுதியாட்டம். எதிரில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவு. சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. படகிலும் நீராவிக் கப்பலிலும் வெளியூர் மக்கள் வந்து குவிந்தார்கள். கூட்டத்தை 60,000 என்றும் 80,000 என்றும் பலவாறு மதிப்பிட்டார்கள். அவர்களுள் ஆட்டத்தைக் கண்ணால் கண்டவர் சிலரே. மரக்கிளைகளில் ஏறியவர் எத்தனையோ பேர். அதுவும் வாய்க்காதவர்க்கு வானத்தில் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தார்கள். பனைமரத்தை ஒட்டி நின்ற நக்கண்ணையாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியுமா? அங்கும், வென்றோம் என்று ஒரு சாரார், இல்லை என்று ஒரு சாரார். இடையில் தன் கண்ணால் காண ஓர் உயரம் தேடிய உள்ளம்.

இடைவேளை வரை யாரும் கோல் அடிக்கவில்லை. பிற்பாதியில் யார்க்ஷயர் அணியின் ஜாக்சன் முதல் கோலை அடித்தார். மைதானம் ஊமையாயிற்று. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்த நிலையில் சிப்தாஸ் பாதுரி ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். இறுதி விசிலுக்குச் சற்று முன்பு மாணவர் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். 2-1. இருபது நாளில் ஆறு ஆட்டம். அடித்தவை 12 கோல், வாங்கியவை 3. கேடயம் முதன்முதலாக இந்திய அணி ஒன்றின் கைக்கு வந்தது.

அன்றிரவு கல்கத்தா உறங்கவில்லை. இந்து முஸ்லிம் வேறுபாடின்றி மக்கள் மகிழ்ந்தார்கள். முஸ்லிம் இதழ்களும் இதனைத் தம் வெற்றியாகவே எழுதின. வங்க இதழ்களில் கவிதைகள் வந்தன. அன்று தொடங்கிய பாட்டும் கதையும் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நிற்கவில்லை. 1989இல் கழகத்தின் நூற்றாண்டுக்கு இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது. 2001 முதல் ஜூலை 29ஐ மோகன் பகான் நாளாகக் கொண்டாடி வருகிறார்கள். 2011இல் 'எகாரோ', அதாவது 'பதினொன்று', என்ற பெயரில் வங்கத் திரைப்படமும் வந்தது.

கவிஞர் பெருமக்களே! இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அக்கதைகளுள் ஒன்றைச் சொல்கிறேன். வெற்றி ஊர்வலத்தில் ஒரு முதியவர் சிப்தாஸை நெருங்கி, வில்லியம் கோட்டையின் மேல் பறந்த ஆங்கிலக் கொடியைக் காட்டி, "இது எப்போது இறங்கும்?" என்று கேட்டாராம். அடுத்த முறை மோகன் பகான் கேடயம் வெல்லும்போது இறங்கும் என்று விடை வந்ததாம். மோகன் பகான் அடுத்துக் கேடயம் வென்ற ஆண்டு 1947! கேட்கும்போது மெய் சிலிர்க்கிறது. ஆயினும், அது நிகழ்ந்தபின் பொருத்திக் கட்டிய கதையாகவே எனக்குப் படுகிறது. கதை கட்டுவது மக்களின் உரிமை. நாட்டார் வழக்காறு அப்படித்தான் வளரும். ஆனால் கவிஞனுக்கு வேறொரு கடமை இருக்கிறது.

உண்மை இதுதான். அவ்வெற்றியால் ஆட்சி அசையவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 12இல் டில்லி தர்பாரில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டது; அதே மூச்சில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்பட்டது. இரண்டுக்கும் காரணம் அரசியல்; கால்பந்து அன்று. கேடயம் வென்ற அவ்வணிக்குக் கல்கத்தா லீக் போட்டியில் இடம் கிடைக்கவே 1914 வரை ஆயிற்று, அதுவும் இரண்டாம் பிரிவில். விளையாட்டு அவர்களுக்குத் தொழிலன்று. சனிக்கிழமை சரித்திரம் படைத்த எழுத்தர்க்குக் கோப்பும், ஆசிரியர்க்கு வகுப்பும் காத்திருந்தன. இவற்றைச் சொல்வதால் வெற்றி சிறுத்துவிடுமா? என் கருத்தில் இப்போதுதான் அது பெரிதாகிறது. பேரரசை வீழ்த்திய பதினொரு வீரர் என்றால் அது பரணி. கோப்பையும் புத்தகத்தையும் மூடிவைத்து மாலையில் மைதானத்துக்குப் போய், தம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு பொய்யைத் தம் காலாலேயே பொய்யாக்கிய பதினொரு மனிதர் என்றால் அது புறநானூறு. எண்ணெய் தடவிய கையைப் பார்த்த மாசாத்தியார் எதைப் பாடியிருப்பார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொல்காப்பியர் வாகையைப் போர் வெற்றியாக மட்டும் கொள்ளவில்லை. அவரவர் தத்தம் தொழிலில், குற்றமற்ற முறையில் மேம்பட்டு விளங்குவது எல்லாம் வாகை என்று விரித்தார். யாரையும் கொல்லாமல், எவர் உடைமையையும் பறிக்காமல், ஒப்புக்கொண்ட விதிக்குள் நின்று மேம்படுவதற்கு ஆடுகளத்தினும் தூய இடம் வேறு உண்டா? சூடுவதற்கு ஏற்ற வாகை அதுவே.

அக்களத்தின் அருமை மூன்றே ஆண்டில் உலகத்துக்குத் தெரிந்தது. 1914 ஆகஸ்டில் பெரும்போர் மூண்டது. ரைபிள் பிரிகேடு, மிடில்செக்ஸ், கிழக்கு யார்க்ஷயர் என்று நான் கோல் கணக்கோடு சொன்னேனே, அப்பெயர் தாங்கிய படைகள் எல்லாம் மேற்குப் போர்முனையின் பதுங்குகுழிகளில் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது களத்திலிருந்து இரண்டாவது களத்துக்குப் போனவர்கள் அவர்கள். கல்கத்தாவில் தோற்றபோது வீடு திரும்பினார்கள். அங்கே வென்ற பக்கத்திலும் எண்ணற்றவர் திரும்பவில்லை. யார்க்ஷயரிலும் மாசாத்தியார் கண்ட தாய்மார் இருந்திருப்பார்கள். 1914 செப்டம்பர் 22இல் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டது. அவ்வாண்டு இறுதியில் சென்னையில் கூடிய காங்கிரசு மகாசபைக்குத் தலைமை தாங்க வந்தவர், மோகன் பகானின் முதல் தலைவர் பூபேந்திரநாத் வசு. படைக்கு ஆகாதவர் என்று ஒதுக்கப்பட்ட வங்காளியர்க்கும் போர் முற்றிய காலத்தில் படையின் கதவு திறந்தது. 1917இல் 49ஆம் வங்காளிப் படைப்பிரிவில் சேர்ந்த இளைஞருள் ஒருவர் காசி நஸ்ருல் இஸ்லாம். பின்னாளில் வங்கத்தின் பெருங்கவிஞரானார். கால்பந்தில் மெய்ப்பித்த பிறகும், துப்பாக்கி ஏந்தினால்தான் ஆண்மையை ஒப்புக்கொள்வோம் என்ற உலகம் அது.

வெறுங்காலின் கதையையும் முடித்துவிடுகிறேன். 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டு தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங், ஈரத்தரையில் பூட்ஸ் அணிந்து ஆடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. எனினும் வெறுங்கால் உடனே மறையவில்லை. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் தலிமேரன் ஆவ் தலைமையில் ஆடிய இந்தியர் பெரும்பாலோர் வெறுங்காலர். பிரான்சிடம் 2-1 என்று தோற்ற அவ்வாட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. ஒரு காலத்தின் பெருமை மறு காலத்தின் தடையாகும் என்பதற்கு இது சான்று. மரபை நேசிக்கும் நாமும் இதை மறக்கலாகாது.

நம் நிலத்துக்கு வருவோம். பாரதியார் பாப்பாப் பாட்டில் குழந்தைக்கு விளையாட்டைக் கல்விக்கு நிகரான கடமையாக வைத்தார். 1920இல் சென்னையில் ஹாரி பக் என்பார் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் ஊர்ப்பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியராய்ச் சென்றார்கள். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1947இல் காரைக்குடி அழகப்பர் கல்லூரியும் நம் நகரத்தார் கொடையால் எழுந்தன. கட்டிய வள்ளல்களைப் பாடினோம், அது நன்று. அந்த நிலங்களில் ஆடியவர்களைப் பாடினோமா? பொட்டலில் செங்காவி மண் பறக்க ஆடிவிட்டு, கண்மாய்க் கரையில் கால் கழுவி வீடு திரும்பிய இளைஞர் எத்தனை பேர்! கல்லூரி ஆண்டு மலர்களில் குழுப்படங்களாக நிற்கிறார்கள். கீழே சிறிய எழுத்தில் பெயர்கள். தாள் பழுத்து வருகிறது. பெயர் தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

ஆகவே நம் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் ஒவ்வொரு கவிஞரும் ஓர் ஆட்டக்காரரைத் தேடிப் போங்கள். சேர்த்தவற்றை ஒரு சிறு தொகுப்பாக்குவோம். பாட்டுக்கு முன்னே கொளு எழுதுவோம். யார், எந்தக் களம், எந்த ஆண்டு என்று அதில் இருக்கட்டும். பாட்டில் கால் எங்கே ஊன்றியது என்பதைச் சொல்லுங்கள், சாத்தந்தையார் சொன்னார். நீங்கள் எந்த மரத்தடியில் நின்று கண்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள், நக்கண்ணையார் சொன்னார். வெற்றியைவிட ஆளைப் பாருங்கள், மாசாத்தியார் பார்த்தார். தோற்றவரையும் சேர்த்தே பாருங்கள். அதை 1911இன் மைதானமும் 1914இன் பதுங்குகுழியும் நமக்குச் சொல்கின்றன.

"இலக்கிய வட்டத்திலா?" என்று செயலர் கேட்டார். ஆம், ஐயா, ஆறு பாட்டுக்குப் புறநானூற்றில் இடம் கொடுத்த இலக்கியத்தின் வட்டத்தில்தான்.